ஐப்பசிக்கு முன் தெரு கூடட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயல் மழையை அடுத்துச் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.5 லட்சம் கன அடிக்கும் மேல் திறந்துவிடப்பட்ட நீர் தென்பெண்ணையில் கரைபுரண்டு வந்து கடலூரின் ஆற்றோரக் குடியிருப்புகளைச் சூழ்ந்தபோது, எங்கள் தெருவில் முதலில் எழுந்த கேள்வி, கடைசி வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதுதான். 6 ஆண்டுகளாக இந்தத் தெருவில் குடியிருக்கும் எங்களில் எவருக்கும் விடை தெரியவில்லை. பால் ஊற்ற வரும் பெண்மணிதான், அங்கு மூட்டுவலியோடு ஒரு மூதாட்டி தனியாக இருப்பதாகச் சொன்னார். அவரை நாற்காலியோடு தூக்கி எதிர்வீட்டு மாடியில் சேர்த்தோம். வெளியூரில் இருக்கும் மகனின் எண் நாள்காட்டி அட்டையில் பென்சிலால் எழுதப்பட்டு நனைந்திருந்தது. கடைசி இலக்கம் 1-ஆ 7-ஆ என்று புரியாமல் இரண்டையும் போட்டுப் பார்த்தோம்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது நான் புதுப்பாளையத்தில் வாடகைக்குக் குடியிருந்தேன். மின்கம்பங்கள் சாய்ந்து நாள்கணக்கில் இருண்டு கிடந்த அத்தெருவில், வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் போட்டு ஜெனரேட்டர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, கைக்குழந்தை உள்ள வீட்டின் தொட்டியை முதலில் நிரப்பிய பிறகே மற்ற வீடுகளுக்குப் போனோம். இதற்காக யாரும் கூட்டம் போடவில்லை. எந்த வீட்டில் குழந்தை, எந்த வீட்டில் நோயாளி என்பது எல்லோருக்கும் முன்பே தெரியும். குழாயடியிலும் குப்பை கொட்டுவதிலும் அன்றாடம் வாய்ச்சண்டை நடந்த தெருதான் அது. சண்டை போடுவதற்கேனும் பெயர் தெரிய வேண்டுமல்லவா?

இப்போதைய எங்கள் நகரிலும் வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலை வணக்கப் படங்கள் தவறாமல் வருகின்றன. ஆனால் யார் வீட்டுக்கு மாடி உண்டு, யாரால் படியேற முடியாது, யாரிடம் கைப்பம்பு இருக்கிறது என்பதை நேரில் போய்க் கேட்டால்தான் அறிய முடியும்.

உள்ளாட்சி தினத்தையொட்டி நவம்பர் 1-இல் வார்டுக்குள் பகுதிவாரியாக மக்கள் கூடிப் பேசும் ஏரியா சபை நடக்கும்போது வடகிழக்குப் பருவமழை தொடங்கியிருக்கும். எனவே, கடலூர் மாநகராட்சி புரட்டாசியிலேயே ஒரு கூட்டம் நடத்தி, தெருவாரியாக இவ்விவரங்களை மக்களே எழுதி வைத்துக்கொள்ள வழிசெய்ய வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் தெருவில் அதற்குக் காத்திராமல் 40 பக்க நோட்டு ஒன்றை வாங்கி முனைக்கடையில் வைத்திருக்கிறோம். முதல் பக்கத்தைப் பால் ஊற்றும் பெண்மணியிடம் கேட்டுத்தான் நிரப்பினோம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கடலூர்.