ஏற்றுமதித் தடையா? முன்கூட்டியே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஏதாவது ஒரு நாடு அரிசி ஏற்றுமதியை நிறுத்தினால் செய்தி பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வருகிறது: உள்நாட்டில் விலை குறையும், மக்களுக்கு நிம்மதி. தப்பில்லை. எந்த அரசும் முதலில் தன் மக்கள் வயிற்றைத்தான் பார்க்கும், பார்க்கவும் வேண்டும். ஆனால் அந்த அரிசி வரும் என்று நம்பி இருந்த இன்னொரு நாட்டு மக்கள் என்ன ஆனார்கள் என்று அதே செய்தியில் இரண்டு வரி கூட இருப்பதில்லை. அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அரிசியில் ஒரு சிக்கல் இருக்கிறது. உலகத்தில் விளைவதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் எல்லை தாண்டி விற்பனைக்குப் போகிறது, மீதி விளைந்த நாட்டிலேயே சாப்பிடப்படுகிறது. அந்தப் பத்தில் ஒரு பங்கிலும் சுமார் 40 சதவீதத்தை இந்தியா ஒரே நாடு அனுப்புகிறது. இவ்வளவு சின்னச் சந்தையில் ஒரு பெரிய கை பின்வாங்கினால் என்ன ஆகும் என்பதை 2008லேயே பார்த்துவிட்டோம். முந்தைய வருடம் உலகத்தில் நெல் விளைச்சல் ஒன்றும் பொய்த்துவிடவில்லை. இந்தியா கட்டுப்பாடு போட்டது, வியட்நாமும் போட்டது, பயந்துபோன பிலிப்பைன்ஸ் என்ன விலையானாலும் பரவாயில்லை என்று டெண்டர் மேல் டெண்டர் விட்டது. அதைப் பார்த்து மற்றவர்களும் பதுக்க, வருடத் தொடக்கத்தில் டன் 400 டாலரை ஒட்டி இருந்த தாய்லாந்து அரிசி மே மாதத்துக்குள் 1,000 டாலர் வரை போனது. அப்புறம், கையிருப்பில் உள்ள இறக்குமதி அரிசியை வெளியே விடத் தயார் என்று ஜப்பான் சொன்னதும், ஒரு மூட்டை கூடக் கப்பல் ஏறுவதற்கு முன்பே விலை இறங்கத் தொடங்கிவிட்டது. அரிசி இருந்தது, கிடைக்கும் என்ற நம்பிக்கைதான் இல்லாமல் போயிருந்தது.

அந்த வருடம் ஹைட்டியில் ஏழைகள் களிமண்ணில் உப்பும் கொழுப்பும் சேர்த்துப் பிசைந்து, வட்டமாகத் தட்டி, வெயிலில் காயவைத்துத் தின்றார்கள். ஏப்ரலில் கலவரம் வெடித்து பிரதமரின் பதவியே போனது. எண்பதுகளின் தொடக்கம் வரை தனக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதியைத் தானே விளைவித்துக்கொண்ட நாடு அது. தொண்ணூறுகளின் நடுவில், வெளியிலிருந்து வந்த அழுத்தத்தால் இறக்குமதி வரியை 3 சதவீதமாகக் குறைத்தார்கள், மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி வந்து குவிந்தது, உள்ளூர் விவசாயி வயலை விட்டுப் போனார். அது தவறு என்று, அப்போது அமெரிக்க அதிபராக இருந்த பில் கிளிண்டனே 2010ல் அமெரிக்க செனட் குழு முன்பு ஒப்புக்கொண்டார். சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதே, நாம் எதற்கு விளைவிக்க வேண்டும் என்று ஏழை நாடுகளுக்குப் பாடம் சொன்னவர்கள், அந்தச் சந்தை ஒரு நாள் கதவைச் சாத்தினால் என்ன செய்வது என்று மட்டும் சொல்லித் தரவே இல்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

சரி, அதெல்லாம் பழைய கதை என்று விடவும் முடியாது. 2023 ஜூலை 20 அன்று இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்குத் தடை போட்டது. அறிவிப்புக்கு முன்பே கப்பலில் ஏற்றத் தொடங்கியிருந்த சரக்கு போகலாம், ஏற்றத் தொடங்காத சரக்குக்கு, சில விதிவிலக்குகள் போக, அனுமதி இல்லை. நினைத்துப் பாருங்கள், ஒரே நெல்லிலிருந்து வந்த இரண்டு மூட்டை, ஒன்று கப்பலுக்குள், இன்னொன்று கரையில் கிடங்குக்குள். அடுத்த மாதமே உலகச் சந்தையில் அரிசி விலை 15 வருடத்தில் இல்லாத உயரத்துக்குப் போனது. தடை விலக 2024 செப்டம்பர் ஆகிவிட்டது. இதில் இந்திய நெல் விவசாயிக்கும் நஷ்டம்தான், வெளியே நல்ல விலை இருக்கும்போது விற்கும் வழியை அடைத்துவிட்டு, அதற்கு ஈடாக அவருக்கு யார் என்ன கொடுத்தார்கள்?

தடையே கூடாது என்று நான் சொல்லவில்லை. மழை பொய்த்த வருடத்தில் எந்த நாடும் அப்படி ஒரு உறுதி கொடுக்க முடியாது. ஆனால் ராத்திரியோடு ராத்திரியாக வேண்டாம். ஒரு மாத அவகாசமாவது கொடுங்கள், ஏற்கெனவே கையெழுத்தான ஒப்பந்தங்களை அனுப்ப விடுங்கள். 2022 ஜூனில் உலக வர்த்தக அமைப்பின் கூட்டத்தில், ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் நிவாரணத்துக்காக வாங்கும் தானியத்தைத் தடுக்க மாட்டோம் என்று உறுப்பு நாடுகள் ஒப்புக்கொண்டன. அதே சலுகையை உணவுக்கு இறக்குமதியை நம்பியிருக்கும் ஏழை நாடுகளுக்கும் நீட்டித்தால் என்ன? அப்புறம் கையிருப்புக் கணக்கு. 2011ல் ஜி20 நாடுகள் தொடங்கிய சந்தைத் தகவல் அமைப்பு நெல், கோதுமை, மக்காச்சோளம், சோயா நிலவரத்தை வெளியிடுகிறது, நல்ல வேலை. ஆனால் பெரிய தனியார் தானிய வியாபாரிகளின் கிடங்கில் எவ்வளவு இருக்கிறது என்பது அதில் தெளிவாகத் தெரிவதில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டம் வேண்டும், இருப்பு தெரியாத இடத்தில்தான் பயம் விலையாக மாறுகிறது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எந்த நாடாவது தானிய ஏற்றுமதியை நிறுத்தும் செய்தி வந்தால், அந்தத் தானியத்தை வாங்கும் நாடுகளின் பெயரையும் அங்கே அந்த வாரம் விலை என்ன ஆனது என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்