காற்று மட்டுமல்ல, உப்பும் வரும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்னையில் கடலோரம் வீடு தேடுகிறவர்கள் முதலில் விசாரிப்பது காற்றைத்தான். தப்பில்லை. கத்திரி வெயிலிலும் பிற்பகல் கடற்காற்று புகுந்துவிட்டால் பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம், கடலுக்குத் தள்ளியிருக்கும் அம்பத்தூரைவிட இதமாகவே இருக்கும். ஆனால் அதே காற்றில் உப்பும் வருகிறது. விளம்பரத்தில் அது இருக்காது.

கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியே உப்பிலுள்ள குளோரைடு இறங்கி உள்ளிருக்கும் இரும்புக் கம்பியை எட்டியதும் துரு தொடங்கும். துருவுக்கு அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் வேண்டும். சன்ஷேடு, பால்கனி அடியில் கம்பியின் போக்கிலேயே நீள விரிசல் விழுவதும், பிறகு காரை பெயர்வதும் இதனால்தான்.

தடுப்பதானால் கட்டும்போதே தடுக்க வேண்டும். கடற்காற்று நேரடியாகப் படும் இடத்துக்கு கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 கேட்பது: குறைந்தது எம்30 (28 நாளில் சதுர மி.மீ.க்கு 30 நியூட்டன் வலு) கான்கிரீட், 0.45-ஐத் தாண்டாத தண்ணீர்-சிமென்ட் எடை விகிதம், கம்பிக்கு 45 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்). பல இடங்களில் வைப்பதோ கடலுக்குத் தள்ளியுள்ள பகுதிகளில் வைக்கும் அதே 20 மி.மீ. கவர் பிளாக் (கம்பியைப் பலகையிலிருந்து தூக்கிப் பிடிக்கும் சிறு கட்டை). சில இடங்களில் அதுவும் இல்லை, ஜல்லித் துண்டுதான். கான்கிரீட் போடும்போது கம்பிமேல் ஆள் நடந்தால் ஜல்லி நழுவி, கம்பி கீழே தாங்கும் சென்ட்ரிங் பலகையிலேயே உட்கார்ந்துவிடும். கியூரிங், அதாவது கான்கிரீட்டை ஈரமாக வைப்பது, சாதா சிமென்டுக்கு 7 நாள், பி.பி.சி.க்கு (சாம்பல் போன்றவை கலந்த சிமென்ட்) 10 நாளாவது வேண்டும். அதை உப்பேறிய போர்வெல் தண்ணீரில் செய்தால் குளோரைடை நாமே உள்ளே ஊற்றுகிறோம்.

போர்வெல்லும் கவனிக்க வேண்டியதே. கடலோர மணலில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கும் ஓர் அடுக்கு. ஆழமாகப் போட்டு அதிகம் இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலேறும். மொட்டைமாடி மழைநீரை மணலுக்குள் விடாத குடியிருப்பு, லாரித் தண்ணீருக்கு இப்போதே கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

பெயர்ந்த இடத்தில் சிமென்ட் அப்பி பெயின்ட் அடிப்பது வேலைக்காகாது; உள்ளே துரு தொடரும். கம்பிக்குப் பின்னாலும் விரல் நுழையும்படி கொத்தி, பளபளப்பு தெரியத் தேய்த்து, துத்தநாக பிரைமர் பூசி, பாலிமர் கலந்த சாந்தால் அடைக்க வேண்டும். இளைத்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும்.

புது ஃபிளாட் வாங்குகிறவர்கள் கான்கிரீட்டின் வலுவைக் காட்டும் 28 நாள் கியூப் டெஸ்ட் அறிக்கையைக் கேளுங்கள். பழையதானால், புதுப் பெயின்ட் அடித்த சன்ஷேடின் அடியைச் சுத்தியலால் தட்டுங்கள். பொள்ளலாகச் சத்தம் கேட்டால், விலை பேசுவதற்கு முன் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

– கட்டுமானப் பொறியாளர்,
திருவான்மியூர், சென்னை