கிரெடிட் மாறினால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பட்டப்படிப்பின் செலவு குறித்தும், முன்னணிப் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைப்பதன் அருமை குறித்தும் தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் அவ்வப்போது கட்டுரைகள் வருகின்றன. முதல் இரண்டு ஆண்டுகளை இரண்டாண்டுப் படிப்பு தரும் சமுதாயக் கல்லூரியில் (கம்யூனிட்டி காலேஜ்) முடித்துவிட்டு மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு மாறும் வழியைப் பற்றி மட்டும் அவற்றில் அதிகம் காண முடிவதில்லை. வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டில் நகருக்கு அருகே வசிக்கும் நான், என் மகள் இந்த வழியில் உத்திசார் தொடர்பியல் (ஸ்ட்ராடஜிக் கம்யூனிகேஷன்) பட்டத்துக்குச் சென்றதை உடனிருந்து பார்த்தவள். அதன்பின் எங்கள் தமிழ்ப் பள்ளிப் பெற்றோர் சிலரோடு உட்கார்ந்து அவர்கள் பிள்ளைகளின் மதிப்பெண் பட்டியல்களையும் படித்துப் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன்: கல்லூரியில் பெற்ற கிரெடிட்டுகளை, அதாவது முடித்த பாடங்களுக்கான அளவுப் புள்ளிகளை, பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்வது வேறு; நாம் சேர விரும்பும் துறையின் பட்டத்துக்கு அவை கணக்கில் வருவது வேறு.

கம்யூனிட்டி காலேஜ் என்றதும் முகம் சுளிக்கும் பெற்றோர் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் நினைப்பதுபோல் இது படிக்காத பிள்ளைகளுக்கான இடம் அன்று. எங்கள் மாநிலத்தில் சமுதாயக் கல்லூரிகளுக்கும் நான்காண்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் இடையே நேரடி மாற்ற ஒப்பந்தம் ஒன்று நடைமுறையில் உள்ளது. அதன்படி 90 காலாண்டு கிரெடிட்டுகள் கொண்ட இரண்டாண்டு இணைப் பட்டத்தை (அசோசியேட் டிகிரி) முடிக்கும் மாணவர், எழுத்து, கணிதம், கலை, சமூக அறிவியல், இயற்கை அறிவியல் என்று முதலிரு ஆண்டுகளில் எல்லோரும் படித்தாக வேண்டிய பொதுப் பாடங்களில் பெரும்பகுதியை அங்கேயே முடித்துவிடுகிறார். கட்டணமோ பல்கலைக்கழகக் கட்டணத்தில் பாதிக்கும் குறைவு. இதற்கும் மேலாக, உயர்நிலைப் பள்ளியின் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்பிலேயே சமுதாயக் கல்லூரிப் பாடங்களைப் படிப்புக் கட்டணமின்றிப் படிக்கும் ‘ரன்னிங் ஸ்டார்ட்’ திட்டமும் எங்கள் மாநிலத்தில் உண்டு. புத்தகச் செலவையும் சில சில்லறைக் கட்டணங்களையும் மட்டும் குடும்பம் ஏற்க வேண்டும்.

சிக்கல் தொடங்குவது துறையின் வாசலில். உத்திசார் தொடர்பியல் என்பது மேடைப் பேச்சுப் பயிற்சியோ, காணொளி எடுக்கக் கற்றுத்தரும் படிப்போ அன்று. ஒரு நிறுவனமோ மருத்துவமனையோ அரசுத் துறையோ தொண்டு அமைப்போ எந்த மக்களிடம், என்ன செய்தியை, எந்த ஊடகத்தின் வழியாகச் சேர்ப்பது என்று ஆய்ந்து திட்டமிடுவதையும், சேர்த்த பின் அதன் விளைவை அளந்து பார்ப்பதையும் கற்பிக்கும் படிப்பு அது. விளம்பரம், மக்கள் தொடர்பு, நெருக்கடிக் காலத் தகவல் மேலாண்மை ஆகியவை அதற்குள் அடங்கும். வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் எட்வர்டு மரோவின் பெயரைத் தாங்கிய தொடர்பியல் கல்லூரி இப்படிப்பை வழங்குகிறது. இரண்டாம் உலகப் போரின்போது லண்டனிலிருந்து வானொலியில் செய்தி வழங்கிய மரோ, 1930இல் இதே கல்வி நிறுவனத்தில் பட்டம் பெற்றவர். புல்மன் நகரிலுள்ள தலைமை வளாகத்துக்குப் போக இயலாதவர்கள், சியாட்டிலுக்கு வடக்கே உள்ள எவரெட் வளாகத்திலும் இத்துறைப் பட்டத்தைப் படிக்க முடிகிறது.

இத்தகைய துறைகளில் பாடங்கள் ஒன்றையொன்று தொடர்ந்து வருபவை. ஊடகத்துக்கு எழுதும் அடிப்படைப் பாடத்தை முடித்தால்தான் அடுத்த எழுத்துப் பாடம் திறக்கும். புள்ளியியல் தெரிந்தால்தான் ஆய்வு முறைப் பாடம் திறக்கும். ஆய்வு முறை முடிந்தால்தான் இறுதியாண்டுப் பிரசாரத் திட்டத்தில் சேர முடியும். முதல் கண்ணி விடுபட்டவர் பின்னால் வருவதை முன்னே இழுத்துப் படித்துக்கொள்ள வழியில்லை.

நான் அருகிருந்து பார்த்த ஒரு பிள்ளையின் கணக்கைச் சொல்கிறேன். கல்லூரியின் பெயரும் பல்கலைக்கழகத்தின் பெயரும் இங்கே தேவையில்லை. ஆண்டை இரண்டு பருவங்களாகப் பிரிக்கும் பல்கலைக்கழகத்தின் கணக்கில் 90 காலாண்டு கிரெடிட்டுகள் 60 பருவ கிரெடிட்டுகளாக மாறி, ஒன்றுகூடக் குறையாமல் ஏற்கப்பட்டிருந்தன. எந்தப் பாடம் எப்படி ஏற்கப்பட்டது என்று பல்கலைக்கழகம் தந்த மதிப்பீட்டுத் தாளைப் பெற்றோர் மகிழ்ச்சியோடுதான் எடுத்து வந்தார்கள். வரிவரியாகப் பார்த்தோம். மேடைப் பேச்சும் வெகுஜன ஊடக அறிமுகமும் பல்கலைக்கழகத்தின் பாட எண்களோடு நேருக்கு நேர் பொருந்தியிருந்தன; மாநிலம் முழுவதற்கும் பொதுவான பாடங்கள் என்பதைக் காட்டும் ‘&’ குறி அவற்றின் எண்ணில் இருந்தது. அந்தப் பிள்ளை ஆசையாகப் படித்த வரைகலை, காணொளித் தொகுப்பு இரண்டும் வெறும் விருப்பப் பாடங்களாகப் பதிவாகியிருந்தன. கணிதத் தேவைக்கு எடுத்திருந்தது வேறொரு பாடம். துறை கேட்டதோ புள்ளியியல். ஊடக எழுத்துக்கு ஈடான பாடம் தாளில் எங்குமே இல்லை. கூட்டினால் 60 சரியாக வருகிறது; துறையின் பாடச் சங்கிலியில் அந்தப் பிள்ளை நிற்பதோ முதற்படியில். இரண்டு ஆண்டுகளில் முடிய வேண்டியது மூன்றாண்டாக நீண்டது.

அந்தக் கூடுதல் ஓராண்டு எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே சுமை அன்று. பெற்றோரின் எச்1பி வேலை விசாவைச் சார்ந்து எச்4 விசாவில் இருக்கும் பிள்ளைகளுக்குக் கூட்டாட்சி அரசின் கல்வி உதவித்தொகையும் கடனும் கிடையாது. 21 வயது நிறைந்தால் அந்தச் சார்பு விசாவும் முடிந்துவிடும்; மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். கிரீன் கார்டு வரிசையில் பல்லாண்டுகளாகக் காத்திருக்கும் நம் குடும்பங்களில் நான்காம் ஆண்டுக்கும் ஐந்தாம் ஆண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு, வெறும் கட்டண வேறுபாடாக நிற்பதில்லை.

இதைத் தவிர்க்கப் பெரிய சாமர்த்தியம் தேவையில்லை, நேரத்தில் கேட்டாலே போதும். சமுதாயக் கல்லூரியின் முதல் காலாண்டிலேயே, சேர நினைக்கும் துறையின் பாடவரிசையை எடுத்து வைத்துக்கொண்டு பாடங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கல்லூரியின் ஆலோசகரிடம் மட்டும் கேட்பது போதாது. அவருடைய பொறுப்பு இணைப் பட்டம் முடிவதைப் பார்ப்பது. பல்கலைக்கழகத் துறையில் இடமாற்ற மாணவர்களுக்கான ஆலோசகர் இருப்பார். எந்தப் பாடம் எதற்கு ஈடாகும் என்பதை அவரிடம் மின்னஞ்சலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். சில பல்கலைக்கழகங்களில் துறைக்குத் தனி விண்ணப்பமும் குறைந்தபட்சச் சராசரி மதிப்பெண்ணும் உண்டு என்பதால் அதையும் அப்போதே கேட்பது நல்லது. படித்த ஒவ்வொரு பாடத்தின் பாடத்திட்டத் தாளையும் பத்திரப்படுத்தினால், விருப்பப் பாடமாக ஒதுக்கப்பட்ட ஒன்றை மறுபரிசீலனை செய்யக் கோரும்போது அதுவே சான்றாகும்.

இந்தத் துறையில் மதிப்பெண்ணோடு, செய்து காட்டிய வேலையும் கேட்கப்படும். மூன்றாம் ஆண்டில் வந்து சேரும் மாணவருக்குப் பயிற்சிப் பணி தேடக் கிடைக்கும் காலம் குறைவு. ஆகவே சமுதாயக் கல்லூரி நாட்களிலேயே கல்லூரிப் பத்திரிகையில் எழுதுவதும், உள்ளூர்த் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழாவுக்கு விளம்பரப் பொறுப்பேற்று, யாரை அழைத்தோம், எப்படி அழைத்தோம், எத்தனை பேர் வந்தார்கள் என்று பதிவு செய்து வைப்பதும் பின்னாளில் காட்டத்தக்க வேலைகளாகும். என் மகளின் முதல் நேர்காணலில் அவளிடம் விரிவாகக் கேட்கப்பட்டது அப்படிப்பட்ட ஒரு விழாவைப் பற்றித்தான்.

பழியை முழுவதும் பெற்றோர் மீதும் பிள்ளைகள் மீதும் போடுவது நியாயமன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். 17, 18 வயதுப் பிள்ளை இரண்டு நிறுவனங்களின் கையேடுகளை ஒப்பிட்டுத் தன் பாதையைத் தானே வரைந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்ப்பது முறையாகாது. பொறியியலுக்கும் வணிகவியலுக்கும் எங்கள் மாநிலத்தில் தனித்தனி மாற்றப் பாதைகள் வகுக்கப்பட்டுள்ளன. தொடர்பியல் துறைகளும் தங்கள் பகுதிச் சமுதாயக் கல்லூரிகளோடு அமர்ந்து, காலாண்டுவாரியாகப் பாடப் பட்டியல் ஒன்றை எழுதி வெளியிட வேண்டும். தங்கள் நாளிதழ் இம்மாற்று வழியைப் பற்றி விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டால், சேர்க்கை பற்றி மட்டும் நின்றுவிடாமல், மதிப்பீட்டுத் தாளை எப்படிப் படிப்பது என்பதையும் அதில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் தமிழ்ப் பள்ளிக் குடும்பங்களின் பிள்ளைகள் வரும் கல்வியாண்டுக்கான பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் நேரம் நெருங்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு முன் அக்கட்டுரை வந்தால் பல குடும்பங்களுக்கு உடனே பயன்படும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
பெல்வியூ, வாஷிங்டன் மாநிலம்.