"நல்லா சாப்பிட்டா எடை ஏறிடும்" என்பது பாதி உண்மை

ஆசிரியருக்கு,

புற்றுநோயாளிகளின் உணவு பற்றிய கட்டுரைகளில் "நன்றாகச் சாப்பிட்டால் இழந்த எடை திரும்பிவிடும்" என்ற வரி தவறாமல் வருகிறது. கேக்கெக்சியா எனப்படும் உடல்மெலிவில் இது பாதிதான் உண்மை. இதை நம்பித்தான் வீட்டார் ஊட்டி ஊட்டித் திணிக்கிறார்கள், நோயாளி குமட்டுகிறார்.

பட்டினி கிடந்தால் உடல் செலவைச் சுருக்கும். கொழுப்பை எரித்துத் தசையைக் கூடியவரை காப்பாற்றும். கேக்கெக்சியாவில் இரண்டும் சேர்ந்தே கரைகின்றன. அணையாமல் கனலும் அழற்சிதான் முக்கியக் காரணம். ஐஎல்-6, டிஎன்எஃப் போன்ற அழற்சிப் பொருள்கள் கொழுப்புச் செல்லுக்குள் ஏடிஜிஎல், எச்எஸ்எல் நொதிகளை முடுக்கிவிட, சேமித்த கொழுப்பு உடைந்து ரத்தத்தில் கலக்கிறது. ரத்தத்திலிருந்து கொழுப்பைச் செல்லுக்குள் சேர்க்க உதவும் லைப்போபுரோட்டீன் லைப்பேஸையும் டிஎன்எஃப் அடக்குகிறது. அதாவது எடுப்பது கூடுகிறது, போடுவது நிற்கிறது. ஏடிஜிஎல் இல்லாத எலிகளில் புற்றுநோய் வந்தும் கொழுப்போடு தசையும் தப்பியதை 2011இல் ஓர் ஆய்வு காட்டியது.

டிஎன்எஃப்-க்கே 'கேக்கெக்டின்' என்றொரு பழைய பெயர் உண்டு. ஆனாலும் அதைத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப், எடனர்செப்ட் மருந்துகள் இரண்டும் நோயாளிகளிடம் எடையைக் காக்கவில்லை. ஒரு வழியை அடைத்தால் போதாது.

ஆறு மாதத்தில் எடை 5 சதவீதத்துக்கு மேல் தானாகக் குறைந்தால் அது கேக்கெக்சியாவின் அடையாளம். 60 கிலோக்காரருக்கு 3 கிலோ! பருமனானவர் இளைத்தால் "நல்லதுதானே" என்று விட்டுவிடுவதுதான் பெரிய தவறு. வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில், ஒரே மெஷினில் எடை பாருங்கள். ரத்தப் பரிசோதனையில், அழற்சியைக் காட்டும் சிஆர்பி என்ற புரதம் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேலும், ஆல்புமின் என்ற புரதம் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் கீழும் இருந்தால் அழற்சி கடுமை. சில லேப்கள் சிஆர்பி-யை டெசிலிட்டரில் தரும். அங்கே 1 என்பதே இந்த 10. அலகைப் பார்க்காமல் நிம்மதி அடையக் கூடாது.

தினமும் உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். வெறும் அரிசிக் கஞ்சியில் அது வராது. முட்டை, மீன், தயிர், பருப்பு என்று சிறிது சிறிதாக, அடிக்கடி கொடுக்க வேண்டும். பசியே இல்லையென்றால் பசியைத் தூண்டும் ஓலன்சபின் மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். புதுச்சேரி ஜிப்மரில் தினமும் 2.5 மி.கி. வீதம் 12 வாரம் கொடுத்த ஆய்வில் 60 சதவீதம் பேருக்கு எடை 5 சதவீதத்துக்கு மேல் கூடியது. போலி மாத்திரை எடுத்தவர்களில் 9 சதவீதமே. தூக்கம் வரவழைக்கும் மருந்து இது, தானாக வாங்கிப் போடக் கூடாது.

கால் வீங்கியோ வயிற்றில் நீர் கோர்த்தோ இருந்தால் தராசு பொய் சொல்லும். அப்போது புஜத்தின் சுற்றளவை டேப்பால் அளந்து குறித்துவையுங்கள்.

- ஒரு வாசகர், திருச்சி