செயலாளர் ஆண்டறிக்கை 2025–26: பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் கார்களின் பராமரிப்பு

தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2025 ஏப்ரல் முதல் 2026 மார்ச் வரையிலான செயலறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

நம்முடைய 1.8 டர்போ கார்கள் (1781 சிசி, 20 வால்வு, 150 குதிரைத்திறன்) பெரும்பாலும் 20 வயதைத் தொட்டுவிட்டன. இவ்வாண்டுப் பட்டறை நாட்கள் ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்குமே போயின. ரீமேப் (இன்ஜின் கணினியின் நிரலை மாற்றித் திறன் கூட்டுவது) கேட்டு வந்தவர்களையும் முதலில் அந்தப் பக்கம்தான் அனுப்பினோம். சிலருக்கு வருத்தம், தெரியும்.

டைமிங் பெல்ட்தான் (வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்திசைவாக இயக்கும் பட்டை) முதல் வேலை. இது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளையும். இன்ஜின் ஹெட்டைக் கழற்றாமல் தப்ப முடியாது. 90,000 கிலோமீட்டர் அல்லது 5 ஆண்டு, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள். ஓடாமல் நிற்கும் காருக்கும் இந்த 5 ஆண்டுக் கணக்கு உண்டு. வாட்டர் பம்பும் இதே பெல்ட்டில்தான் சுற்றுகிறது, அதனால் பெல்ட், ரோலர், டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கமாக வைப்பது), பம்ப் நான்கையும் சேர்த்தே போடவும். பழைய பம்பின் பிளாஸ்டிக் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழல் இறக்கை) உள்ளேயே உடைந்து, வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமல் இன்ஜினைச் சூடேற்றும். உலோக இம்பெல்லர் உள்ள பம்பைக் கேட்டு வாங்குங்கள். ஹைட்ராலிக் டென்ஷனரை நெம்பி அமுக்கக் கூடாது, உள்ளே சீல் போய்விடும். அதில் எம்5 மரையாணியைத் திருகி, வாஷரும் நட்டும் போட்டு, நிறுத்தி நிறுத்தி இறுக்கினால் பிஸ்டன் மெதுவாக உள்ளே இறங்கும். துளைகள் நேராக வந்ததும் பின்னைச் செருகலாம். பெல்ட் ஏற்றியபின் கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) குறியையும் கிராங்க் குறியையும் மறுபடி பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்யவும்.

பாகம் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. "1.8 டர்போ" என்று மட்டும் சொன்னால் கடையில் ஸ்கோடா லாரா காரின் 1.8 டிஎஸ்ஐ சாமானை எடுத்துத் தருகிறார்கள். அது டைமிங் செயின் உள்ள வேறு இன்ஜின், ஒன்றும் பொருந்தாது. சேசிஸ் எண்ணைக் கொடுத்தே வாங்கவும்.

இழுவை இல்லை என்று வந்த கார்களில் பெரும்பாலானவற்றுக்கு டர்போவில் (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் பாகம்) குறையே இல்லை. ஸ்கேனரில் 17705 கோடு வந்தால், டர்போவுக்கும் திராட்டிலுக்கும் (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் மூடி) நடுவே காற்று கசிகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். டைவர்ட்டர் வால்வின் (மிஞ்சிய அழுத்தத்தைத் திருப்பிவிடுவது) ரப்பர் சவ்வு கிழிந்திருக்கும், அல்லது இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விப்பது) ஹோஸ் கிளிப் தளர்ந்திருக்கும். காற்று அளவியை அடுத்த குழாய் வாயை அடைத்து, கம்ப்ரஸர் காற்றை 0.7 பார் வரை மட்டும் ஏற்றி, சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். அதற்கு மேல் ஏற்றினால் கிராங்க்கேஸ் வழியாக ஆயில் சீல்கள் பிதுங்கும். டர்போவுக்குள் போகும் ரப்பர் குழாயின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்கவும்; ஆயில் ஊறி ஊறி அங்கேதான் வெடிக்கிறது.

இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல் பற்றி நிறையக் கேள்விகள் வந்தன. எத்தனால் கலக்காத பெட்ரோலைவிட, அதே காற்றுக்கு 8, 9 சதவீதம் கூடுதல் எரிபொருள் வேண்டும். லாம்டா சென்சார் (புகையில் உள்ள ஆக்சிஜனை அளப்பது) சரியாக இருந்தால் ஈசியூ (இன்ஜின் கணினி) அதைத் தானே ஈடுகட்டிவிடும். ஸ்கேனரின் 032-ஆம் பிளாக்கில் இந்த ஈடுகட்டலைக் காட்டும் இரண்டு எண்கள் தெரியும்: முதலாவது ஐட்லிங்குக்கு, இரண்டாவது ஓட்டத்துக்கு. இரண்டாவது +8 அளவில் நின்றால் அது பெட்ரோலின் வேலை. முதலாவதும் கூடவே ஏறியிருந்தால் பெட்ரோலைத் திட்டிப் பயனில்லை. ஐட்லிங்கில் வாக்குவம் கசிகிறது, பிசிவி (கிராங்க்கேஸ் ஆவியை வெளியேற்றும்) ஹோஸ்களைப் பாருங்கள். பழைய எரிபொருள் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றிவிடுவது நல்லது.

ஆயில் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். வோக்ஸ்வாகன் 502 00 தரம், 5டபிள்யூ-40 முழு சிந்தெடிக், 8,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை. இதை நீட்டியவர்களின் சம்ப்பை (இன்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) கழற்றினால், ஆயிலை உறிஞ்சும் பிக்கப் வலையில் கரி அடைத்திருக்கிறது. ஆயில் விளக்கு எரிந்தால் சென்சாரைக் குறை சொல்லாமல் மெக்கானிக்கல் கேஜ் மாட்டி ஆயில் அழுத்தத்தை அளந்துவிடவும்.

இதெல்லாம் முடிந்த காருக்கு ரீமேப் செய்வதில் சங்கத்துக்கு ஆட்சேபமில்லை. ஸ்பார்க் பிளக்கை ஒரு படி குளிர்ந்ததாக (என்ஜிகே பிகேஆர்7இ) மாற்றி இடைவெளி 0.7 மில்லிமீட்டர் வைக்கவும். இக்னிஷன் காயில் கனெக்டரை இழுக்கும்போது ஒயரின் மேலுறை பொடிந்து உதிரும், பார்த்து. பெட்ரோல் 95 ஆக்டேனுக்குக் குறையக் கூடாது. டைனோவில் (திறனை அளக்கும் உருளை மேடை) ஓட்டி, ஸ்கேனரின் 115-ஆம் பிளாக்கில் பூஸ்ட்டையும் (டர்போ அழுத்தம்), 020-இல் ஒவ்வொரு சிலிண்டரின் பொறி டைமிங் பின்வாங்கலையும் பதிவு செய்யுங்கள். தேய்ந்த கிளட்ச் நான்காவது கியரில் முதலில் நழுவிக் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் சட்டத்தையும் பாருங்கள்: மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி தயாரிப்பாளர் விவரக்குறிப்பை மீறிய மாற்றம் கூடாது, உச்ச நீதிமன்றமும் 2019-இல் இதை உறுதி செய்தது. ஆர்சி 15 ஆண்டுக்குப் பிறகு 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. 20 ஆண்டு கடந்த காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டிலிருந்து 10,000 ரூபாய். புகைச் சான்றும் காப்பீடும் நடப்பில் இருக்கட்டும்.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்கள் உங்கள் ஒப்புதலுக்கு: பெல்ட் செட்டுகளைச் சங்கமே மொத்தமாக வாங்குவது, கருவிப் பெட்டியை எடுத்துச் செல்பவர்களிடம் முன்பணம் வாங்குவது. டென்ஷனர் பின்னை எடுத்துச் சென்றவர்கள் தயவுசெய்து திருப்பித் தரவும்.

இப்படிக்கு,
செயலாளர்