பெருவில் எதைப் பார்ப்பது என்பதற்கு முன்னால்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த பெரு நாட்டுப் பயணக் கட்டுரையைப் படித்தேன். முதுகுப்பையோடு புறப்படும் இளைஞர்கள் பார்த்தே தீர வேண்டிய இடங்கள் என்று வண்ணப் படங்களோடு வெளியிட்டிருந்தீர்கள். படங்களில் குறையில்லை. என் சண்டை முழுவதும் வரிசையோடுதான். முதலில் குஸ்கோ என்ற மலை நகரம், மறுநாள் வானவில் மலை, அதற்கு அடுத்த நாள், ஸ்பானியர் வருவதற்கு முன் பெருவை ஆண்ட இன்காக்களின் மலைநகரமான மச்சு பிச்சு என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். இதைக் கத்தரித்துப் பையில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை கிளம்பினால் இரண்டாம் நாளே படுக்கையில் விழுவான்.

பெருவின் தலைநகர் லிமா கடலோர நகரம். அங்கிருந்து விமானம் ஏறி ஒன்றரை மணி நேரத்துக்குள் குஸ்கோவில் இறங்கினால், நிற்பது சுமார் 3,400 மீட்டர் உயரத்தில். அந்த உயரத்தில் காற்று மெலிந்தது, உடம்பு பழக நாள் பிடிக்கும். டெல்லித் தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. லடாக்கின் லே நகரம் ஏறக்குறைய 3,500 மீட்டர். விமானத்தில் அங்கே போகிறவர்கள் முதல் இரண்டு நாட்கள் அறையை விட்டு நகராமல் தண்ணீரும் சூப்புமாகக் கிடக்க வேண்டும் என்பது ஆர்.கே. புரத்திலும் மயூர் விஹாரிலும் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். லடாக்குக்கு இவ்வளவு பயபக்தியோடு போகிறவர்கள் தென் அமெரிக்கா என்றதும் எல்லாவற்றையும் மறந்துவிடுவது எப்படி என்றுதான் எனக்குப் புரியவில்லை.

வினிகுன்கா என்ற அந்த வானவில் மலையில் எல்லாரும் நின்று படம் எடுத்துக்கொள்ளும் மேடு 5,000 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. விடியும் முன்பே குஸ்கோவிலிருந்து வேனில் ஏற்றிக்கொண்டு போய், மதியத்துக்குள் மேலே ஏற்றி இறக்கி, மாலையில் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள். கரோல் பாக்கில் ஒரு பயண முகவர் என் தங்கை மகனுக்கும் அவன் நண்பர்களுக்கும் விற்றது உங்கள் கட்டுரையின் வரிசையேதான். வேனிலேயே வாந்தி, தாங்க முடியாத தலைவலி, அடிவாரத்தில் ஆக்சிஜன் குப்பி. அவ்வளவு பணம் கொடுத்து அவன் பார்த்தது வேனின் கூரையை. தலைவலியும் குமட்டலும் வந்துவிட்டால் மேலே ஏறக் கூடாது, குறையவில்லை என்றால் கீழே இறங்க வேண்டும் என்ற ஒற்றை வரியைக்கூட அந்த முகவர் சொல்லவில்லை. உங்கள் கட்டுரையிலும் அந்த வரி இல்லை.

வேறு எப்படிப் போவது? நான் பள்ளி ஆசிரியை. மே, ஜூன் தவிர நீண்ட விடுமுறை கிடையாது. நல்லவேளையாக ஆண்டீஸ் மலைகளில் மழையில்லாத பருவம் மே முதல் செப்டம்பர் வரை. டெல்லி கொதிக்கும்போது அங்கே பகலில் வெயில், இரவில் நடுக்கும் குளிர். நானும் கணவரும் லிமாவிலிருந்து விமானம் ஏறாமல் இரவு பஸ்ஸில் அரெகிப்பாவுக்குப் போனோம். பதினைந்து மணி நேரத்துக்கும் மேலான பயணம்தான். ஆனால் இருக்கை கிட்டத்தட்டப் படுக்கையாகவே சாய்கிறது. அரெகிப்பா 2,335 மீட்டர். வெள்ளை எரிமலைக் கல்லால் கட்டிய நகரம். தலைக்கு மேல் 5,822 மீட்டர் உயர மிஸ்தி எரிமலை. 1579-ல் தொடங்கிய சாந்தா காத்தலீனா கன்னிமாடம் மட்டுமே ஒரு முழுப் பகலை எடுத்துக்கொள்ளும். உடம்பு அதற்குள் மெல்லப் பழகிவிடுகிறது. பிறகு கோல்கா பள்ளத்தாக்கு, காண்டோர் கழுகுகள். அதன் பிறகுதான் குஸ்கோ.

குஸ்கோவில் போய் இறங்கியதும் அங்கேயே தங்காமல் ஒல்லாந்தாய்தம்போ என்ற பள்ளத்தாக்கு ஊருக்கு இறங்கிவிடுவது இன்னும் உத்தமம். அது சுமார் 2,800 மீட்டர். மச்சு பிச்சு அதைவிடவும் தாழ்வு, 2,430 மீட்டர்தான். மேகத்தில் மிதக்கும் அந்தப் படங்களைப் பார்த்துப் பலரும் அதுதான் நாட்டின் உச்சி என்று நினைத்திருக்கிறார்கள். குஸ்கோவுக்குக் கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர் கீழே இருக்கிறது அது. அங்கே மூச்சு வாங்கினால் பழி படிக்கட்டுகளுக்கு.

மச்சு பிச்சுவைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை, எல்லாரும் எழுதிவிட்டார்கள். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்ற வரம்பு உண்டு. நுழையும் நேரமும் நடக்க வேண்டிய பாதையும் டிக்கெட்டிலேயே குறிக்கப்பட்டிருக்கும். திருப்பதி வரிசை போலத்தான், நின்று ரசிக்க நினைத்தால் பின்னாலிருந்து நகரச் சொல்வார்கள். நுழைவாயிலில் பாஸ்போர்ட்டைப் பார்க்கிறார்கள் என்பதால், அப்பா பெயர் எது குடும்பப் பெயர் எது என்று எந்தப் படிவத்திலும் தடுமாறும் நம்மவர்கள் பதிவு செய்யும்போதே கவனமாக இருப்பது நல்லது. மலையடிவாரம் வரை போகும் ரயிலின் கட்டணத்தைக் கண்டு மலைப்பவர்களுக்கு வேறு வழி உண்டு. குஸ்கோவிலிருந்து வேனில் ஆறேழு மணி நேரம் போய், ஹித்ரோஎலெக்த்ரிகா என்ற நீர்மின் நிலையத்தில் இறங்கி, தண்டவாளத்தை ஒட்டி இரண்டு மூன்று மணி நேரம் நடந்தால் மலையடிவார ஊர் வந்துவிடும். காடும் ஆற்றிரைச்சலும் துணைக்கு வரும். மச்சு பிச்சுவுக்கு நடந்தே போகும் பெயர் பெற்ற இன்கா பாதையில் வழிகாட்டிகளும் சுமைதூக்கிகளும் உட்பட நாளொன்றுக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. பிப்ரவரி முழுவதும் மூடிவிடுவார்கள். வழிகாட்டி இல்லாமல் தனியாக நடக்க முடியாது. கையில் காசும் முன்கூட்டியே திட்டமும் இருப்பவர்களுக்கான வழி அது.

காலில் வலு இருக்கிறது, கூட்டம் பிடிக்காது என்பவர்கள் போக வேண்டிய இடம் சோக்கேகிராவ். கட்டுரையில் அதன் பெயரே இல்லாதது எனக்கு வருத்தம். அதுவும் இன்கா நகரம்தான். இன்னும் பெரும்பகுதியைக் காடு மூடியிருக்கிறது. ரயில் கிடையாது, ரோடும் கிடையாது. அப்புரிமாக் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒரு பக்கம் செங்குத்தாக இறங்கி, மறுபக்கம் அதே அளவு ஏற வேண்டும். போகவும் வரவுமாகப் பொதுவாக நான்கு நாள். மலைச்சரிவின் படிக்கட்டு வயல்களில் வெள்ளைக் கற்களைப் பதித்து லாமா உருவங்களை அமைத்திருக்கிறார்கள். நாங்கள் அந்தப் பள்ளத்தாக்கை விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்ததோடு சரி, என் முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. உங்கள் வாசகர்களில் இருபத்தைந்து வயதுக்காரர்களுக்கு என்ன தடை?

இன்னொரு மனக்குறை. கட்டுரையில் சொல்லப்பட்ட இடிபாடுகள் அத்தனையும் இன்காக்களுடையவை. அவர்கள் பேரரசாக இருந்தது ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுதான். 1532-ல் ஸ்பானியப் படைத்தலைவன் பிசாரோ வந்துவிட்டான். அதற்கு முன்னால் அந்த மண்ணில் நாலாயிரம் ஆண்டுக் கதை இருக்கிறது. லிமாவுக்கு வடக்கே சில மணி நேரப் பயணத்தில் கரால் என்ற நகரம், வயது ஏறக்குறைய 5,000 ஆண்டு. மண்பாண்டம் செய்யத் தெரிவதற்கு முன்பே மேடைக் கோபுரங்கள் கட்டியிருக்கிறார்கள். ஜன்பத் தேசிய அருங்காட்சியகத்தில் ஹரப்பாக் கூடத்தைப் பார்த்து வளரும் டெல்லிப் பிள்ளைகளுக்கு, அதே காலத்தில் உலகின் மறுகோடியில் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைக் காட்ட அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. ட்ருஹியோவுக்குப் பக்கத்தில் சான் சான், சுடாத மண் கல்லால் எழுப்பிய சிமூ மக்களின் தலைநகர். வடகிழக்கே சாச்சாபோயாஸ் மலைகளில் குவேலாப் கோட்டை; 2017 முதல் கேபிள் கார் ஓடுகிறது. 2022 ஏப்ரலில் மழையில் அதன் மதிலின் ஒரு பகுதி சரிந்தது, ஆகவே எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு போவது நல்லது. வட பெருவில் கூட்டமும் குறைவு, தங்கும் செலவும் குறைவு.

மலைதான் வேண்டும் என்றால் வராஸ் என்ற ஊர். லிமாவிலிருந்து பஸ்ஸில் எட்டு மணி நேரம். நாட்டின் மிக உயர்ந்த சிகரமான, 6,768 மீட்டர் உயர வஸ்கரான் அருகில் இருக்கிறது. 69 என்ற எண்ணையே பெயராகக் கொண்ட நீல ஏரிக்கு எல்லாரும் அங்கிருந்துதான் போகிறார்கள். போகிற வழியில் யுங்காய் வரும். 1970 மே 31 நிலநடுக்கத்தில் வஸ்கரானின் பனியும் பாறையும் பெயர்ந்து வந்து அந்த ஊரையே மூடின. தப்பியவர்களில் பலர் மேட்டிலிருந்த இடுகாட்டுக்கு ஓடி ஏறியவர்கள். ஊர் புதைந்த இடத்தை இன்று நினைவிடமாக வைத்திருக்கிறார்கள். வேன்காரர்கள் பலர் நிற்காமல் போய்விடுவார்கள். நிறுத்தச் சொல்ல வேண்டும்.

சைவர்கள் பட்டினி கிடப்பார்கள் என்று கட்டுரையில் ஒரு கிண்டல் இருந்தது. உருளைக்கிழங்கின் பிறப்பிடத்தில் பட்டினியா? மஞ்சள் மிளகாயும் பாலாடைக்கட்டியும் அரைத்த குழம்பை வேகவைத்த கிழங்கின் மேல் ஊற்றித் தருகிறார்கள். தெருவோரத்தில் பெரிய மணிச் சோளமும் பாலாடைக்கட்டியும் கிடைக்கும். சூப்பில் மட்டும் எச்சரிக்கை தேவை. காய்கறி சூப் என்பார்கள், கொதித்திருப்பது கோழிச் சாறாக இருக்கும்.

காகித விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், கட்டுரையில் ஒன்றுகூட இல்லாததால். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டுக்கொண்டே ஆக வேண்டும். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். பெரு கேட்காவிட்டாலும் திரும்பி வரும்போது நம் விமான நிலையத்தில் கேட்பார்கள்; இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்க விதி உண்டு. டெல்லியில் ராம் மனோகர் லோகியா மருத்துவமனை இந்த ஊசி போடும் மையங்களில் ஒன்று. அமெரிக்கா வழியாகப் பறந்தால் விமானம் மாறுவதற்கே விசா வேண்டும். குஸ்கோ விடுதிகளில் வந்ததும் கொடுக்கும் கோகா இலைத் தேநீரை அங்கேயே குடித்து முடித்துவிடுங்கள். அங்கே கடைச் சரக்கு. இங்கே கோகா இலை போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. நினைவுப் பொருள் என்று ஒரு பொட்டலத்தைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து சுங்கத்தில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

அடுத்த இதழில் பொலிவியா என்று அறிவித்திருக்கிறீர்கள். லா பாஸ் விமான நிலையம் 4,000 மீட்டருக்கு மேலே இருக்கிறது. கட்டுரையாளரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். ஒவ்வோர் ஊர்ப் பெயருக்குப் பக்கத்திலும் அதன் உயரத்தைப் போடச் சொல்லுங்கள். படம் ஒன்றைக் குறைத்தால் அதற்கு இடம் கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
மயூர் விஹார், டெல்லி