ஆத்தூருக்கு ரயில் 2007-ல் வரவில்லை

ஐயா,

சென்ற ஞாயிறு தங்கள் இதழில் சேலம் மாவட்ட ரயில்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். ‘ஆத்தூர் மக்கள் 2007-ல்தான் ரயிலைப் பார்த்தார்கள்’ என்று அதில் ஒரு வரி. தங்கள் கண்ணில் படாமல் அது எப்படி அச்சுக்குப் போனதோ, எனக்கு மனசு ஆறவில்லை.

ஆத்தூர் வழியாகப் போகும் சேலம் - விருத்தாசலம் பாதை, வெள்ளைக்காரர் காலத்து தென்னிந்திய ரயில்வே கம்பெனியின் மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர் இடைவெளி உள்ள) பாதை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 2007-ல் நடந்தது அகலப்பாதை மாற்றம் மட்டும்தான். 1940-களில் என் அப்பா பெத்தநாயக்கன்பாளையத்திலிருந்து மஞ்சள் மூட்டையோடு ரயிலேறி, சேலம் மார்க்கெட் ஸ்டேஷனில் இறங்கி, செவ்வாய்ப்பேட்டை மண்டிக்குப் போவார். நான் பியூசி படித்த வருஷம் முழுக்க அதே ரயில். நீராவி இஞ்சின். ஜன்னலோரம் உட்கார்ந்தால் டவுன் ஸ்டேஷனில் இறங்கும்போது வெள்ளைச் சட்டை கரிச்சட்டையாகியிருக்கும், கண்ணில் விழுந்த தூள் முதல் வகுப்பு முடியும் வரை உறுத்தும். அப்படியும் ஜன்னலோரத்துக்குத்தான் அடித்துக்கொள்வோம். அதெல்லாம் நடக்கவே இல்லை என்பது போல ஒரே வரியில் எழுதிவிட்டார்கள்.

அகலப்பாதை வேலைக்காக ரயிலை நிறுத்தியபோது நாங்கள் முணுமுணுக்கவில்லை. வாரம் இரண்டு நாள் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸில்தான் கூட்டிப் போனேன். உட்கார இடம் கிடைக்காமல் வாழப்பாடி வரை அவர் நின்றுகொண்டே வந்த நாட்கள் உண்டு. அகலப்பாதை வந்துவிட்டால் நிறைய ரயில் விடுவார்கள் என்று நம்பினோம். அதே 2007 நவம்பரில் சேலம் ரயில்வே கோட்டமும் வந்தது, நம்பிக்கை இன்னும் கூடியது. ஆனால் இன்றைக்கும் ஆத்தூர் பக்கம் பகலில் ஓடும் ரயில்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். போதாததற்கு, கொரோனாவுக்குப் பிறகு 10 ரூபாய் டிக்கெட்டை 30 ரூபாய் ஆக்கினார்கள். பழைய கட்டணம் திரும்பி வர 2024 ஆகிவிட்டது. கூடுதல் ரயில் கேட்டு ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்தபோது, “அதான் பஸ் இருக்கே” என்று பதில் வந்தது. மரவள்ளிக் கிழங்கு விற்று, மகளைச் சேலத்தில் படிக்க வைப்பவரிடம் போய் அதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

ஒரு பாதையை மறந்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு மொரப்பூரே சாட்சி. தருமபுரி நம் ஜில்லாவோடு இருந்த காலத்தில், 1906-ல், மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு நேரோ கேஜ் (மீட்டர் கேஜை விடக் குறுகலான) ரயில் பாதை போட்டார்கள். 1913-ல் அது ஓசூர் வரை நீண்டது. 1941-ல், உலகப் போர் நேரத்தில், மூடினார்கள். அந்த ஊர்க்காரர்கள் மறுபடியும் பாதை கேட்டு, அதற்குக் கல் நாட்டியது 2019-ல். இடையில் 78 வருஷம். தங்கள் கட்டுரையில் மொரப்பூர் என்ற பெயரே இல்லை.

முப்பது வருஷமாகத் தங்கள் இதழைக் காசு கொடுத்து வாங்குகிறேன். அந்த உரிமையில் கேட்கிறேன்: அதே பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள். இடம் இருந்தால் ஆத்தூர் ரயில்களின் நேரத்தையும் சேர்த்துப் போடுங்கள், ஸ்டேஷனுக்கு வந்து ரயில் போய்விட்டது என்று திரும்புகிறவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
அயோத்தியாப்பட்டணம், சேலம்.